கமலவேணி அக்காவின் சர்க்கரை போடாத கட்டி

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, எனக்குத் தொலைபேசி என்றார்கள். எடுத்தால் உமாவின் குரல். "சுகுணா ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. காலைல அஞ்சு மணிக்கு." அவள் அழவில்லை. நானும் அழவில்லை. "சரிம்மா, வர்றேன்" என்று ஏதோ மளிகைக் கடைக்குப் பதில் சொல்வதுபோல் சொல்லி வைத்துவிட்டேன். பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

நம் அலுவலகத்தின் தபால் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்த கமலவேணி அக்காவைப் பலருக்கும் தெரியும். பாதிப் பேருக்கு அவர் முகத்தைவிட அவர் கொண்டுவரும் வேர்க்கடலைக் கட்டிதான் நன்றாகத் தெரியும். அந்தக் கட்டியைப் பற்றி நம் சங்க மலரில் எழுதச் சொல்லிக் கேட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் கட்டியை எழுதினால் அதற்குள் இருக்கும் பொய்யையும் எழுத வேண்டும். அந்தப் பொய்யில் பெரும்பங்கு என்னுடையது. உமா இதைப் படித்துப் பார்த்து, "அப்படியே போடுங்க" என்று சொன்ன பிறகே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு அவர் பழக்கமானார். அவருக்கு பீர்க்கன்கரணையில் வீடு. பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, ஏழு இருபது மின்வண்டியில் பெண்கள் பெட்டியில் ஏறுவார். நானும் அதே பெட்டி. ஒரு நாள் பல்லாவரம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்தார். அசதியில் தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் ரவிக்கை முழுக்க வேர்வை, கண் செருகிவிட்டது. கீரைக் கூடையோடு வந்த அம்மா ஒருவர்தான் சத்தம் போட்டார்: "இன்னாம்மா பாத்துகினு கீறீங்க? அந்தம்மா வாயில எதுனா இனிப்பு வைய்யிங்க!" யாரோ ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். கிண்டி வருவதற்குள் கண் திறந்தார்.

எழும்பூர் நடைமேடையில் என்னை பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னார். "மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஓடி வந்துட்டேன் சுகுணா. சாப்பிட நேரமில்லை. ஒரு வருஷமா எனக்கு சுகர். யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதே. வீட்ல பொண்ணு இருக்கா."

அந்தப் பெண் அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. தாய்க்குச் சர்க்கரை என்று தெரிந்தால் மகளுக்கு வரன் வராது என்பது அவருக்குச் சூரியன் கிழக்கே உதிப்பதுபோல நிச்சயம். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. நம் காலனிகளில் பெண் எடுக்கிறவர்கள் நட்சத்திரத்துக்கு அடுத்தபடியாக விசாரிப்பது அதைத்தான்.

அந்த மயக்கத்துக்குப் பிறகுதான் அக்கா கட்டி செய்ய ஆரம்பித்தார். நின்றுகொண்டே தின்னக்கூடியதாக இருக்க வேண்டும், சாம்பார் வழியக் கூடாது, பக்கத்தில் இருப்பவருக்குச் சந்தேகம் வரக் கூடாது. பிஸ்கட்டில் சர்க்கரை, கடலை உருண்டையில் வெல்லம். இரண்டும் ஆகாது. பாகு இல்லாமல் எது ஒட்டும்? முதலில் அரிசிக் கஞ்சியை ஊற்றிப் பிடித்தார். அதைக் கடித்தவர்களுக்குப் பல் ஆடியது. வாழைப்பழத்தைப் பிசைந்து செய்தது பத்து மணிக்குள் புளித்துவிட்டது. மூன்றாவது முறை எல்லாம் உதிர்ந்து, பெட்டியில் வழக்கமாக வரும் நாங்கள் எட்டுப் பேர் காகிதத்தில் கொட்டி அள்ளித் தின்றோம். "என்னக்கா, கோழிக்குத் தீனியா?" என்று கேலி செய்தது நான்தான்.

கடைசியில் வழி கண்டுபிடித்தார். வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, சூடு ஆறுவதற்குள் மிக்ஸியில் எண்ணெய் விடும்வரை அரைக்க வேண்டும். அதோடு வெந்நீரில் ஊறிய பேரீச்சம்பழம், கொஞ்சமாக. இந்த இரண்டும் சேர்ந்த விழுதுதான் ஒட்டவைக்கும். மொறுமொறுவென வறுத்த அவல், எள், பொட்டுக்கடலை, ஒரு சிட்டிகை உப்பு, சுக்குப் பொடி. எல்லாவற்றையும் பிசைந்து, நெய் தடவிய எவர்சில்வர் தட்டில் பரப்பி, மேலே இன்னொரு தட்டை வைத்து, அதன்மேல் அம்மிக் குழவியை ஏற்றிவிடுவார். காலையில் கத்தியால் விரல் நீளத்துக்குத் துண்டு போட்டால் உதிராது.

பெட்டியில் எல்லோருக்கும் ஒன்று கொடுப்பார். வீட்டில் எல்லோருக்கும் சமைத்துப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு ஓடி வருகிறவர்கள்தானே நாங்கள். "புருஷனுக்கும் புள்ளைக்கும் ஊட்டிட்டு நாம பட்டினியா வந்தா யாரும் மெடல் குத்தப் போறதில்லை. தின்னுங்கடி" என்பார். இன்னொன்று கேட்டால் மட்டும் தரமாட்டார். "சர்க்கரை போடலைன்னா சர்க்கரையே இல்லைன்னு அர்த்தமா? பேரீச்சம்பழம் இனிப்பு இல்லாம கசப்பா? ஒண்ணு போதும்." உடம்புக்கு நல்லது என்று செய்கிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அந்த வருடங்களில் அக்கா நன்றாக இருந்தார். மாத்திரையும் கட்டியும் நேரத்துக்கு உள்ளே போயின. மறுபடி மயக்கம் வரவேயில்லை.

உமாவுக்குக் கல்யாண வயது வந்தது. கூடுவாஞ்சேரியில் இரும்புக் கடை வைத்திருக்கும் குடும்பம். நிலம் விற்று வியாபாரத்துக்கு வந்தவர்கள், நல்ல மனிதர்கள். பையனின் அம்மா ராணியம்மாள், ஒரு நாள் மதிய இடைவேளையில் நம் அலுவலகத்துக்கே வந்து என்னைத் தனியே அழைத்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. பொண்ணு தங்கம். அந்தம்மா ஏதோ சக்கரை போடாம பலகாரம் பண்ணி எட்தாராங்களாமே, இன்னாத்துக்கு? அவங்களுக்கு எதுனா கீதா?"

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். எனக்கு ஒரு பொய்யே போதுமானதாக இருந்தது. "அது எனக்காகச் செய்யறாங்க. சுகர் எனக்குத்தாங்க" என்றேன். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எனக்கு இரண்டும் பையன்கள். பையனைப் பெற்றவளுக்கு எந்த வியாதி இருந்தாலும் ஊரில் யாரும் விசாரிப்பதில்லை. ராணியம்மாள் என் கையைப் பிடித்து, "ஐயோ பாவம், ஒடம்ப பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தள்ளி நின்று பேசியும், பக்கத்து மேசைக்காரர்கள் காதில் அந்தப் பேச்சு விழுந்துவிட்டது. மறுநாள் முதல் எனக்குச் சர்க்கரை இல்லாத டீ வர ஆரம்பித்தது. மறுக்க முடியுமா? இத்தனை வருடமாக அந்தக் கஷாயத்தைத்தான் குடிக்கிறேன். பெண் பார்க்கும் நாளில் நான் பஜ்ஜியோடு நிறுத்திக்கொள்ள, அக்கா எல்லோர் கண் முன்னாலும் ஒரு தட்டுக் கேசரியும் இரண்டு ஜாங்கிரியும் சாப்பிட்டார். "நல்லா இருக்குல்ல?" என்று சிரித்தார் வேறு. மறுநாள் வண்டியில் சொன்னார்: "நாக்குல இனிப்பே தெரியலை சுகுணா. பயம்தான் தெரிஞ்சுது."

கல்யாணத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தோம். அது எங்கே முடிந்தது? சம்பந்தி வீட்டுக்குப் போனால் அதிரசம், அவர்கள் வந்தால் லட்டு. அவர்கள் வந்து தங்கும் நாட்களில் மாத்திரைப் பட்டை அரிசி டிரம்முக்குள் போய்விடும். சில நாள் அதை எடுக்கவே முடியாது. அந்தக் குடும்பம் பாசத்தால் ஊட்டியது, இவர் பயத்தால் விழுங்கினார்.

உமா உண்டானாள். ஆறாம் மாதம் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனபோது ஒரு பக்கம் அக்கா, மறு பக்கம் ராணியம்மாள். "உங்க வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார். உமா தன் அம்மாவைப் பார்த்தாள். அக்கா, "இல்லைங்க" என்றார்.

ஒன்பதாம் மாதம் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. ஆண் குழந்தை. இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக இருந்தது. உமாவின் ரத்தத்தில் சர்க்கரை இருப்பதை அப்போதுதான் பார்த்தார்கள். அதனால்தான் போயிற்று என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றார். "போய்ச் சொல்லிடறேன் சுகுணா. என்னால முடியலை. அந்தப் பிள்ளையை நான்தான்…"

நான் தடுத்தேன். "இப்பச் சொன்னா, பேரனைக் கொன்னது நீங்கதான்னு சொல்வாங்கக்கா. உமாவை உங்க வீட்டுக்கு அனுப்பிச்சுடுவாங்க. கொஞ்ச நாள் போகட்டும்." அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனார். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக அன்று நான் நினைத்தேன். இன்று அந்த வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதன்பிறகும் கட்டி செய்தார், எங்களுக்குக் கொடுத்தார். அவர் மட்டும் சாப்பிடுவதை விட்டுவிட்டார். உமாவுக்கு மறுபடி குழந்தை தங்க வேண்டும் என்று, சித்திரை வெயிலில் நாற்பத்தெட்டு நாள் வெறுங்காலோடு கோவிலைச் சுற்றுவதாக வேண்டிக்கொண்டார். கால் பொத்துப்போனது அவருக்குத் தெரியவில்லை. பாதத்தில் உணர்ச்சி போய்ப் பல நாளாகியிருந்தது. தரையில் ரத்த ஈரத்தைக் கண்ட பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறார். முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பிறகு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அப்போதும் நாங்கள் மறைத்தோம். துருப்பிடித்த ஆணி குத்திச் சீழ் வைத்துவிட்டது என்று கூடுவாஞ்சேரிக்குச் சொன்னது நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திறமைசாலி நான்.

ஆனால் அதில் ஒன்றை அக்கா சரியாகச் செய்தார். உமா மறுபடி உண்டானபோது, மாமியார் வருவதற்கு முன்பே என்னோடு வேறு டாக்டரிடம் அனுப்பினார். "எல்லாத்தையும் சொல்லிடு. என் பேரைச் சொல்லு, என் வியாதியைச் சொல்லு" என்று கட்டிலில் இருந்தபடியே சொன்னார். உமா ஊசி போட்டுக்கொண்டாள். காலையில் அம்மா செய்த கட்டியில் ஒன்று, அதற்கு மேல் இல்லை. சென்ற ஆண்டு பெண் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறது.

அந்தத் தீபாவளிக்குக் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்த தூக்கில் ஒரு இனிப்புகூட இல்லை. முறுக்கு, தட்டை, காராசேவு மட்டும். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்துப் பார்த்துவிட்டு அழுதார். "பேத்தி பொறந்த முதல் தீபாவளி. ஒரு இனிப்புகூட அனுப்பலை பாரு. ஏதோ மனசுல வச்சிருக்காங்க. உமாவை என்ன பண்ணப் போறாங்களோ." பொங்கலுக்கும் அப்படியே வந்தது. அதற்குள் சிறுநீரகமும் கைவிட்டுவிட்டது. கடைசி மாதங்களில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "உமாவை வச்சுப்பாங்களா?"

அந்த வியாழக்கிழமை நான் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். புதுப்புடவை சுற்றியதும், இடது பக்கம் கீழே துணி தட்டையாக விழுந்தது. பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு துண்டைச் சுருட்டிக் கால் இருக்க வேண்டிய இடத்தில் புடவைக்குள் வைத்தேன். யாரும் சொல்லாமல் என் கை தானாகச் செய்தது. உமா குழந்தையை இறக்கிவிட்டு வந்து அந்தத் துண்டை வெளியே எடுத்தாள்.

"வேணாம் ஆன்ட்டி. இருக்கறபடியே போகட்டும்." பிறகு தன் மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்தை, எங்கம்மாவுக்கு ஆணி குத்தலை. சுகர். நான் சின்னப் பொண்ணா இருக்கறப்பவே."

ராணியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும்டி. கால எடுத்தப்பவே தெரியும். ஆணி குத்துனா யார்னா காலயே எடுப்பாங்களா? எங்க கடையில டெய்லி ஒருத்தனுக்குக் குத்துது. அவங்களே சொல்லட்டும்னு இருந்தேன். நான் போய் கேட்டா அவமானமாப் பூடும்ல? அதான் தீவாளிக்கும் பொங்கலுக்கும் இனிப்பு எதுவும் போடாத அனுப்பினேன். புரிஞ்சுக்குவாங்கன்னு நெனைச்சேன்."

உமா மாமியார் மடியில் தலையை வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். ராணியம்மாள் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் தூக்கினார்கள். புடவை அந்தப் பக்கம் தட்டையாகவே கிடந்தது. தெருவே பார்த்தது. அக்கா, நீங்கள் கடைசிவரை கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது. உமாவை வைத்துக்கொள்வார்கள். எப்போதோ வைத்துக்கொண்டுவிட்டார்கள். உங்களுக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது. வாயைத் திறக்காதே என்று சொன்னது நான். போய் வாருங்கள் அக்கா, முடிந்தால் என்னை மன்னியுங்கள்.