டாக்டரிடம் நான் சொல்லாமல் விட்டது

என் மகள் முதலில் மஞ்சள் துணியைத் தொடமாட்டேன் என்றாள். அவள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்தாள். மஞ்சள் சேலை கேட்டு யாராவது வந்தால் வேறொரு பெண்ணை எடுத்துக் காட்டச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாளாம். கடை முதலாளி போன் செய்து சொன்னார். வேலைக் களைப்பு என்று நினைத்தேன்.

அவள் பெயர் ரேணுகா. அப்போது வயது இருபத்திரண்டு. நாங்கள் மலேசியாவில், கிள்ளானில் இருக்கிறோம். நான் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பு முடிந்தது. எழுத்து அவ்வளவாக வராது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். நான் செய்ததை நீங்கள் செய்யக் கூடாது. அதற்காக எழுதுகிறேன்.

பிறகு அவள் வேலைக்குப் போகும் ரயிலில் பெட்டி மாறி மாறி உட்கார ஆரம்பித்தாள். வீட்டில் பேச்சு குறைந்தது. என் மனைவி சரோஜா ஒருநாள் உட்காரவைத்துக் கேட்டாள்.

"மஞ்சள் எடுக்கிறவங்க சும்மா எடுக்கலம்மா. அது சேதி. என்னை எப்பக் கூட்டிட்டுப் போறதுன்னு பேசிக்கிறாங்க" என்றாள் மகள்.

யார் கூட்டிப் போகப்போகிறார்கள் என்று கேட்டதும் எழுந்து அறைக்குள் போய்விட்டாள்.

நாங்கள் டாக்டரிடம் போகவில்லை. குறி சொல்பவரிடம் போனோம். அவர் என் தங்கை வீட்டைக் கைகாட்டினார். சூனியமாம். நான் நம்பினேன். தங்கை வீட்டு வாசலில் நின்று சொல்லக்கூடாத வார்த்தையெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். இன்றுவரை அவள் என்னிடம் பேசுவதில்லை. பேச வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

மந்திரித்த கயிறு கட்டியும் ஒன்றும் ஆகாததால் கிளினிக்குக் கூட்டிப் போனேன். அதற்குள் ரேணுகா மலாயும் ஆங்கிலமும் பேசுவதை நிறுத்திவிட்டாள். தமிழில் பேசினால்தான் 'அவர்களுக்கு' விளங்காது என்றாள். டாக்டர் மலாய்க்காரப் பையன், நல்ல மாதிரி. தமிழ் தெரிந்த தாதி அன்று லீவு. "பாக்சிக், நீங்களே அவள் சொல்வதை எனக்குச் சொல்லுங்கள்" என்றார். பாக்சிக் என்றால் மலாயில் மாமா.

யாராவது உனக்குக் கெடுதல் செய்ய நினைக்கிறார்களா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மஞ்சள் எடுக்கிறவங்கதான். ஆனா அவங்களா வரமாட்டாங்க. அப்பா கையைத் தூக்கிக் காட்டணும். அப்பதான் வருவாங்க. அப்பாவுக்கு எல்லாம் தெரியும்."

டாக்டர் பேனாவோடு என்னைப் பார்த்தார்.

நான் மலாயில் சொன்னேன்: கடையில் ஆட்கள் தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்கிறாள். சொந்தத்தில் யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று எங்களுக்குச் சந்தேகம்.

அவ்வளவுதான். அப்பா என்ற வார்த்தை என் வாயிலிருந்து வரவில்லை.

"உங்கள் இனத்தில் இப்படி நம்புவது வழக்கமா?" என்று கேட்டார்.

"வழக்கம்தான் டாக்டர். நிறைய பேர் நம்புவாங்க."

அந்தக் கேள்வியின் காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு கூட்டமே நம்புவதை ஒருத்தியின் நோய் என்று எழுதக் கூடாதாம். எங்கள் நம்பிக்கைக்கு அவர் மரியாதை கொடுத்துக் கேட்டார். நான் அந்த மரியாதைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஏன் மறைத்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பெற்ற மகள் அப்பனைக் கைகாட்டுகிறாள். டாக்டர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? வீட்டில் இவன் ஏதாவது செய்திருப்பான் என்று நினைக்கமாட்டாரா? அந்தப் பயம்தான். அவளுடைய பயத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மன அழுத்தம் என்று எழுதி, குறைந்த அளவில் மாத்திரை கொடுத்தார். "பாக்சிக், நீங்களே உங்கள் கையால் கொடுங்கள். விழுங்குகிறாளா என்று பாருங்கள்." யார் கை என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சரி என்று தலையாட்டினேன்.

மூன்று மாதம் கொடுத்தேன். ரேணுகா மறுக்காமல் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். கன்னத்தில் ஒதுக்கிவைத்துப் பிறகு துப்பினாள் என்பது பின்னால் தெரிந்தது.

ஒருநாள் எனக்கு வேலை இல்லை. அவள் சாப்பாட்டை எடுக்காமல் கடைக்குப் போய்விட்டாள். கொண்டுபோனேன். காலை பதினொரு மணி இருக்கும். கடை வாசலில் நின்று பார்த்தேன். ரேணுகா உள்ளே இருந்தாள். அவளுக்கு முன்னால் ஓர் அம்மா மஞ்சள் பட்டுச் சேலையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மகளைக் கூப்பிடக் கையைத் தூக்கினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். அந்த அம்மாவைப் பார்த்தாள். பின்வாசல் வழியாக ஓடினாள். பின்பக்கச் சாலையில் மோட்டார் சைக்கிள் அடித்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் உடைந்தது. நான் ஓடிவந்து தூக்கப் போனபோது, ரோட்டில் கிடந்தபடியே என்னிடமிருந்து நகரப் பார்த்தாள். உடைந்த காலோடு.

பெரிய ஆஸ்பத்திரியில் காலுக்குக் கம்பி வைத்தார்கள். பிறகு மனநலப் பிரிவிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். தமிழ்ப் பெண். "அங்கிள், கொஞ்சம் வெளிய உக்காருங்க. நான் ரேணுகாகிட்ட தனியாப் பேசணும்" என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

வெளியே வந்து சரோஜாவையும் என்னையும் உட்காரவைத்தார். இது உளப்பிறழ்வின் (எது நிஜம், எது மனம் காட்டுவது என்று பிரிக்க முடியாமல் போகும் நோய்) ஆரம்பம் என்றார். மஞ்சள் சேதி என்பது மருட்சி (எதைக் காட்டிச் சொன்னாலும் அசையாத தவறான நம்பிக்கை).

"என்ன நம்புறான்னு கேட்டா மட்டும் போதாது அங்கிள். எவ்வளவு உறுதியா நம்புறா, ஒரு நாள்ல எவ்வளவு நேரம் அதுலயே இருக்கா, அது அவளை என்ன செய்ய வைக்குது, தான் தப்பா நினைக்கிறோமோன்னு ஒரு தடவையாவது தோணுதா, அதுல யார் யார் இருக்காங்க. எல்லாம் கேக்கணும். யார் இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தான் மருந்தை யார் கையில குடுக்கிறதுன்னு முடிவு பண்ண முடியும்."

பிறகு கோப்பைப் புரட்டினார். "நீங்க அதுல இருக்கீங்க அங்கிள். ஆனா கிளினிக் கடிதத்துல உங்களைப் பத்தி ஒண்ணும் இல்லையே. அன்னைக்கு அவ சொல்லலையா?"

"சொன்னா."

"அப்புறம்?"

"நான்தான் சொல்லலை."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

தாழ்வாரத்தில் சரோஜா என்னை நிறுத்தினாள். "மூணு மாசம் மாத்திரையை நீட்டிக்கிட்டு நின்னீங்களே. யாரைப் பாத்துப் பயப்படுறான்னு தெரிஞ்சேவா நின்னீங்க?"

"இவ்வளவு பயம்னு நெனைக்கலை."

"சொன்னாளா இல்லையா?"

"சொன்னா."

"பொண்ணு கிறுக்குன்னு ஊரு சொன்னா தாங்கிக்குவீங்க. அப்பன் மேல ஒரு சொல் வந்தா மட்டும் தாங்காது லா உங்களுக்கு."

சொல்லிவிட்டு வார்டுக்குள் போய்விட்டாள்.

ஐந்து வாரம் வார்டில் இருந்தாள். நான் பார்க்கப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. ரேணுகா சொன்னாள். கீழே கேன்டீனில் உட்கார்ந்திருப்பேன். சரோஜா வந்து இன்று சாப்பிட்டாள், இன்று தூங்கினாள் என்பாள்.

மருந்து வேலை செய்தது. சும்மா செய்யவில்லை. நாக்கு தடித்தது, உடம்பு ஊதியது, பகலெல்லாம் தூக்கம். பழைய சட்டை ஒன்றும் சேரவில்லை. பிறகு மாத்திரையை நிறுத்தி மாதம் ஒருமுறை ஊசி என்றார்கள். அதை யாரும் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

டாக்டர் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு எத்தனை உறுதி என்று கேட்பார். முதலில் மஞ்சளும் நூறு, அப்பாவும் நூறு. ஆறேழு மாதம் கழித்து ஒருநாள், ரேணுகா சம்மதித்ததால், எங்களையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

"மஞ்சள் முப்பதுக்கு வந்திடுச்சு டாக்டர்" என்றாள். "அப்பா இன்னும் அறுபது. அப்பா எப்பவுமே ஓவர்டைம்தான்."

டாக்டர் சிரித்தார். சரோஜா சிரித்தாள். நானும் சிரித்தேன். என் மகள் என்னைக் கேலி செய்து ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆனால் அறுபது அறுபதுதான்.

நோய் வந்த ஆரம்பத்திலேயே சரியான மருந்து போனால் சீக்கிரம் தேறும் என்கிறார்கள். அந்த ஆரம்பத்தில் மூன்று மாதத்தை நான் தின்றுவிட்டேன். இதை யாரும் என் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. 'எல்லாம் விதி' என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். விதி அன்று கிளினிக்கில் இல்லை. நான்தான் இருந்தேன்.

உங்களை மொழிபெயர்க்கச் சொன்னால், முடியாது, வேறு ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள். வேறு வழியில்லை என்றால் பிள்ளை சொன்னதை அப்படியே சொல்லுங்கள். அசிங்கமாக இருந்தாலும், உங்களைப் பற்றியே இருந்தாலும். திருத்துவது உங்கள் வேலை இல்லை.

இப்போது ரேணுகா பாதி நாள் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கிறாள். லேசாகச் சாய்ந்து நடப்பாள். மழை வந்தால் கால் வலிக்கிறது என்பாள்.

எனக்கு வயது ஐம்பத்தாறு. என் வீட்டில் நடக்க நான் புதிதாகப் பழகியிருக்கிறேன். அவளுக்குப் பின்னால் போய் நிற்பதில்லை. அறைக்குள் போகுமுன் தொண்டையைச் செருமுகிறேன். சட்டையில் தூசி தட்டுவதற்குக்கூட யோசிக்கிறேன். உடம்பு என்னோடுதான் இருக்கிறது, ஆனால் அதை அவள் பார்ப்பதுபோல் நானும் பார்க்கிறேன். மாதக் கணக்கு முதல் தேதியில் தொடங்குவதில்லை. ஊசி போட்ட நாள்தான் முதல் நாள்.

போன ஊசிக்குப் பிறகு காரில் வரும்போது கேட்டுவிட்டேன். "இன்னைக்கு நூத்துக்கு எவ்வளவு சொன்னே?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள். "அதை டாக்டர்கிட்ட மட்டும்தான் சொல்வேன்பா."

சரி என்றேன். பச்சை சிக்னல் விழுந்தது. வண்டியை எடுத்தேன்.