பாத்ரூமுக்கு நல்ல நாள்

ஒரு நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வெறும் செம்பால் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வதுபோல ஆச்சி செய்துகாட்டியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. இல்லாத வாளியில் செம்பை விட்டு மொள்ளுவார், தூக்குவார், தலைக்கு மேல் கவிழ்ப்பார். திடீரென்று பாதியில் நிறுத்தி, "வாளி இம்புட்டுக் கீழ இருந்தா என்னால குனிய முடியாதுத்தா. இங்குட்டு ஒரு திட்டு வேணும், போடு" என்றார். நான் கோலப்பொடியை எடுத்து, நாற்காலிக்கு வலப்பக்கத்தில் ஒரு சதுரம் போட்டேன். வீடு கட்டுகிறவர்கள் காகிதத்தில் பிளான் போடுவார்கள். காகிதத்தைப் பார்த்தால் ஆச்சிக்கு ஒன்றும் விளங்காது, எனக்கும்தான். அதனால் பாத்ரூமாக மாற்றவிருந்த சாமான் அறைத் தரையிலேயே முழு அளவுக்கு வரைந்துவிட்டோம். கொத்தனார் நிலைப்படிக்கு வெளியே நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

ஆச்சி என்றதும் பாட்டி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் செட்டிநாட்டில் அக்காளையும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் கணவரின் அண்ணன் மனைவி, என் மூத்த ஓப்படியாள். அவருடைய கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் சிங்கப்பூரில். என் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூரில் வியாபாரம், நினைத்தால் வருவார். ஆக, காரைக்குடி வீட்டில் அத்தனை தூணுக்கும் கதவுக்கும் நடுவில் நாங்கள் இரண்டு பொம்பளைகள்தான். வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். கல்யாணப் பந்திக்கு இடம் பார்த்துப் பார்த்துக் கட்டிய புண்ணியவான்கள், குளிக்கிற இடத்தைக் கடைசிக் கட்டுக்கும் அப்பால், கிணற்றடி தாண்டித் தூக்கிப் போட்டிருந்தார்கள். என்ன கட்டினார்களோ போங்கள். அந்தக் கிணற்றடிப் படியில்தான் ஆச்சி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்து, வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகும் அவரைத் தனியாகக் குளிக்க விட முடியவில்லை. நான்தான் குளிப்பாட்டினேன். அதை எப்படிச் சொல்வது? அவர் எனக்கு மூத்தவர். நான் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது எனக்குச் சேலை மடிப்பைச் சரிசெய்துவிட்டவர். அத்தனை வருஷத்தில் அவருடைய முதுகைக்கூட நான் பார்த்ததில்லை. நான் சோப்புப் போடும்போது அவர் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார், நான் இன்னொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் தலை துவட்டும்போது சொன்னார்: "நீ நல்லாத்தான் பாக்குற, உன்னையச் சொல்லல. ஆனா உசிரு இருக்கையில என்னைய ஒருத்தி குளிப்பாட்டக் கூடாது. நான் தனியாக் குளிக்கணும். அம்புட்டுத்தேன்." அவர் அழவில்லை. மறுநாளே கொத்தனாரை வரச் சொன்னேன்.

வெளிச்சம் வருகிற சாமான் அறையைத் தேர்ந்தெடுத்தோம். உள்ளே கிடந்த பித்தளை அண்டாக்களையும் பீங்கான் சாடிகளையும் மேல்மாடிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தால், நல்ல விசாலம். வாக்கரோடு திரும்ப இவ்வளவு இடம், சுவரோரம் நீளமாக ஒரு கல் பெஞ்சு, உட்கார்ந்தால் கை எட்டுகிற உயரத்தில் குழாய், எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ளக் கம்பி என்று ஒவ்வொன்றாக அவர் நடந்தும் உட்கார்ந்தும் காட்டக் காட்ட நான் வரைந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் கொத்தனாரின் ஆட்கள் அறைக்குள் போகாமல் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கோலத்தை மிதிக்கலாமா என்று அவர்களுக்குத் தயக்கம். அதைவிடக் கொடுமை, வேலைக்கு வரும் பெண் எங்கள் கோடுகளைச் சுற்றி அழகாகக் காவி பூசி, நடுவில் ஒரு செம்பருத்தியையும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பூ இருந்தது, வெஸ்டர்ன் கக்கூசுக்கென்று நான் போட்டிருந்த வட்டத்துக்குள். "அடி பாவி, கக்கூசுக்குப் பூ வச்சுட்டாளே!" என்று ஆச்சி வாக்கரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை. தரைக்கு, பூப்போட்ட வழவழப்பான ஆத்தங்குடிக் கல்தான் வேண்டும் என்றார். "ஈரம் பட்டா வழுக்கும் ஆச்சி, மறுபடி விழுந்துட்டா யாரு பாக்குறது? யோசிச்சுத்தான் பேசுறீகளா?" என்று கத்திவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு, சுவரில் பாதி உயரத்துக்கு ஆத்தங்குடிக் கல், தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ் என்று ராசியானோம்.

வேலை முடிந்தபோது மார்கழி பிறந்திருந்தது. கீசர் மாட்டியாகிவிட்டது, குழாயில் தண்ணீர் வருகிறது. "வாங்க ஆச்சி, குளிங்க" என்றேன். வரமாட்டேன் என்றுவிட்டார். மார்கழியில் புதிதாக எதையும் புழங்க ஆரம்பிக்கக் கூடாதாம். "பாத்ரூமுக்குமா நல்ல நாள் பாப்பாக?" என்று கேட்டேன். "முதத் தண்ணி ஊத்துறது நல்ல நாளா ஊத்துவோமே. தை பொறக்கட்டும்" என்றார். இத்தனை நாள் பொறுத்தவர் இன்னும் கொஞ்ச நாள் பொறுப்பதற்கு என்ன என்று நானும் விட்டுவிட்டேன். பழைய இடத்தில், பழையபடி, ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு, நான் குளிப்பாட்டினேன். ஆச்சி முன்னைப்போல முகம் சுளிக்கவில்லை. சில சமயம் கூந்தலை அவரே ஒதுக்கிக்கொடுத்தார்.

தை பிறக்க ஒரு வாரம்கூட இல்லை. காலையில் இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு, "நெஞ்சுல என்னமோ செய்யுதுத்தா" என்றார். காரில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. திரும்பி வந்தோம். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. யார் யாருக்குச் சொல்லிவிட வேண்டும், எத்தனை நாற்காலி வேண்டும் என்று எல்லாவற்றையும் சரியாகவே சொன்னேன்.

மத்தியானம், நீராட்ட வேண்டும் என்று பெண்கள் எழுந்தார்கள். முற்றத்தில் வைத்து, சுற்றிலும் நாலு பேர் சேலை பிடித்து மறைக்க, குளிப்பாட்டுவதுதான் எங்கள் வழக்கம். புது அறைக்குக் கொண்டுபோகலாம் என்றேன். என் கணவரின் தங்கை என்னை மறித்தார். "மார்கழியில, புது ரூம்ல, முதத் தண்ணி இதுக்கா? அப்புறம் நீங்க அதை எப்படிப் புழங்குவீக?" நியாயமான கேள்விதான். "நான் புழங்கிக்கிறேன்" என்றேன். இப்போது அந்த அறையில் நான்தான் தினமும் குளிக்கிறேன். பயமும் இல்லை, விசேஷமாக ஒன்றும் தோன்றுவதும் இல்லை. வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "அடேயப்பா, பாத்ரூமா இது, எம்புட்டுப் பெருசு!" என்பார்கள். ஆமாம் என்பேன்.

அன்றைக்குக் கல் பெஞ்சில் ஆச்சியைப் படுக்க வைத்துவிட்டு எல்லாரையும் வெளியே அனுப்பினேன். வேலைக்கு வரும் பெண் மட்டும் துணைக்கு நின்றாள். கீசரைப் போட்டேன். "செத்தவகளுக்கு எதுக்கு வெந்நி?" என்று வெளியிலிருந்து ஒரு குரல். ஆச்சிக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது. சிவப்பு விளக்கு அணையும்வரை நின்றேன். பிறகு சீயக்காய், மஞ்சள், எல்லாம் போட்டுக் குளிப்பாட்டினோம். முடிந்ததும் ஒரு புதுத் துண்டால் போர்த்தினேன். குழாயை லேசாகத் திறந்து தண்ணீரை வாளியில் விழவிட்டு, அந்தப் பெண்ணை வெளியே போகச் சொல்லி, நானும் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நாத்தனார் கோடிச் சேலையோடு வந்து நின்று, என்னையும் சாத்திய கதவையும் பார்த்தார். "இங்க என்ன நிக்கிறீக? நேரமாச்சுல்ல?" என்றார்.

"செத்த பொறுங்க" என்றேன். "ஆச்சி குளிச்சுக்கிட்டு இருக்காக."