ஐசுக்குக் கீழே ஒரு விரல்

விளைமீன் தட்டின் ஓரத்தில், ஐசுக்கு அடியில் சுட்டுவிரலை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் கிளறிற்றா. நாடி பிடிக்கும் பரியாரி தோற்றுப் போவார். இந்தக் குளிர்நாட்டு மோர்டனில் இருக்கும் என் மீன்கடைக்குப் புதிதாக வந்த சனம், "அந்தப் பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று காதுக்குள் கேட்கும். "விஞ்ஞானி" என்று நானும் அதே இரகசியக் குரலில் சொல்வேன்.

"அண்ணை, மேலாலை பாத்தால் மலை மாதிரிக் கிடக்குது. கீழை தண்ணி நிக்குது. தட்டைச் சரிச்சு விடுங்கோ." கண் திறந்ததும் இதுதான் முதல் பேச்சு. விரலைக் கைலேஞ்சியில் துடைத்த பிறகுதான் மீனைப் பார்ப்பார். சனிக்கிழமை தோறும் இது நடக்கும்.

தென்துருவத்தில் பனி கடலுக்கு மேல் நீட்டிக்கொண்டு மிதக்கிறதாம். சூடேறிய கடல் அதை அடியில் இருந்து தின்கிறதாம். எவ்வளவு வேகமாகத் தின்கிறது என்று பார்ப்பது கிளறிற்றாவின் உத்தியோகம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே விளங்கியது, அவர் என் விளைமீன் தட்டை வைத்துச் சொன்னதால்.

இரண்டு மாதம் அங்கே கூடாரத்தில் படுத்தவர், இங்கே புரட்டாதியிலேயே இரண்டு ஸ்வெற்றர் போடுவார். "ஹீற்றர் ஒரு நாள் நிண்டால் போதும், என்னை விட்டிட்டுப் போயிடுவா" என்பார், பஸ் ஓட்டும் கணவர் ஜெஸ்ரின்.

அந்தக் கூடாரக் காலத்தில், சுடுதண்ணீரால் பனியைத் துளைத்து, வெப்பமானிகள் கோத்த நீளக் கம்பி ஒன்றைக் கீழே உள்ள கடலுக்குள் இறக்கிவிட்டு வந்திருந்தார்கள். அது நாள்தோறும் கிளறிற்றாவின் போனுக்குச் செய்தி அனுப்பும். போன ஆனி மாதம் செய்தி நின்றது. அதன்பிறகு கடையில் போன் தராசுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். ஒருநாள் சூடைமீனோடு சேர்த்து நிறுத்தும் விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"செத்திட்டுது போலை அண்ணை. திரும்பிப் போக இனி ஆர் விடப்போயினம்? மூண்டு வருச வேலை. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

எங்கள் கத்தோலிக்கக் கோயில் மேரிறோஸ் அக்காவைத் தவிர ஒருவருக்கும் நான் சொல்லவில்லை.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிவதற்குள் கிளறிற்றாவின் 'தேமாமீற்றர் துலைஞ்ச' கதை கோயில் முழுக்கப் பரவிவிட்டது. துலைந்த சாமான் என்றால் அது அந்தோனியாரின் இலாகா. பதின்மூன்று செவ்வாய்க்கிழமை நேர்த்தி வைத்தார்கள். இரண்டு பேர் உட்காரும் வாங்குக்குக் கீழே குனிந்தும் தேடினார்கள். பெனிற்றா அன்ரி ஒருபடி மேலே போய், காய்ச்சல் பார்க்கும் புதுத் தேமாமீற்றர் ஒன்றை வாங்கிவந்து நீட்டினார்: "கிடைக்குமட்டும் இதை வைச்சிரு பிள்ளை. நல்ல சாமான்."

நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். கிளறிற்றா அதை இரண்டு கையாலும் வாங்கினார். "பெரிய உதவி அன்ரி." அது இன்றைக்கும் அவருடைய கைப்பைக்குள் இருக்கிறது.

பதின்மூன்றாம் செவ்வாய் கழிந்த சனிக்கிழமை, தராசுக்குப் பக்கத்தில் போன் துடித்தது. நிற்கவேயில்லை. ஆனி மாதத்தில் இருந்து சேர்த்து வைத்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. "அண்ணை... அண்ணை..." என்று போனைத் தூக்கிக் காட்டினார். நான் அறுக்குளா மீனைப் பாதி வெட்டியபடி நின்றேன்.

வரிசையில் நின்ற மேரிறோஸ் அக்கா சிலுவை போட்டார்.

"அங்கை மாரி இருட்டு முடிஞ்சு சூரியன் வந்திருக்கு அன்ரி. செய்தி அனுப்புற பற்றறி ஏறியிருக்கு" என்றார் கிளறிற்றா.

"சூரியனை ஆர் பிள்ளை அனுப்பினது?"

அடுத்த செவ்வாய் கோயில் வாசலில் நின்று விஞ்ஞானி நூற்றைம்பது பேருக்கு நேர்த்திக்கடனாக அந்தோனியார் பேரில் கோதுமைப் பாண் கொடுத்தார். பெனிற்றா அன்ரிக்கு இரண்டு.

கடையை விட்டு அன்று வர முடியாத எனக்கு, சனிக்கிழமை ஒரு பாணைக் கொண்டுவந்து தந்தார்.

"வந்தது நல்ல செய்தியோ தங்கச்சி?"

"இல்லை அண்ணை. நாங்கள் நினைச்சதைவிடத் தண்ணி சூடு."

"பிறகேன் பாண்?"

"பனிக்குள்ளை புதைஞ்சு, மாரி முழுக்க இருட்டுக்கை தனியக் கிடந்தும் ஒரு நாளையும் விடாமல் குறிச்சு வைச்சிருக்கண்ணை. அது சொல்லாட்டில் எங்களுக்கு ஆர் சொல்லுறது?"

நான் பாணைக் கடித்தேன். அவர் வழக்கம்போல் ஐசுக்கு அடியில் விரலை விட்டுக் கண்ணை மூடினார். விரலை எடுத்தவர் கைலேஞ்சியைத் தேடவில்லை. அந்த ஈரவிரல், கோயில் வாசல் தீர்த்தத்தைத் தொட்டது போலத் தானாகவே நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்குப் போனது, இரண்டு தோளையும் தொட்டது. நெற்றியில் விளைமீன் செதில் ஒன்று மினுங்கியது.