கருவாடு ஏறாத கேஸ் அடுப்பு

எனக்கு வயசு எண்பத்துநாலு. அஞ்சு பெற்று அஞ்சையும் வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

எல்லை பிரித்துத் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய், கார்வேட்டிநகரத்தை ஒட்டிய எங்கள் ஊர் ஆந்திராவில் நின்ற புதுசு. பிளாக் ஆபீஸ்காரர் வந்து, மாட்டுச் சாணியைக் கரைத்துக் குழியில் ஊற்றினால் அடுப்பு எரியும் என்று தெலுங்கில் சொன்னார். ஊரே சிரித்தது. விறகுப் புகையில் வெந்த கண் என்னுடையது, நான் சிரிக்கவில்லை. கொல்லையில் குழி வெட்டி, இரும்பு டிரம்மைக் கவிழ்த்து, குழாய் இழுத்து, ஊரில் முதல் கோபர் கேஸ் அடுப்பைப் பற்றவைத்தவள் நான்தான். நீல நெருப்பு. பாத்திரத்தில் துளி கரி இல்லை.

மாமியார் மட்டும் அதில் வைத்த காபியைத் தொடவில்லை.

"சாணிக் காத்துல வெந்ததை நான் துன்ன மாட்டேன்."

"வறட்டியும் சாணிதானே அத்தே?"

"அது காஞ்ச சாணி. இது அழுவின சாணி."

வாசலில் மூணு கல்லைக் கூட்டித் தனியாகப் பொங்கித் தின்றாள். தெருவே வேடிக்கை பார்த்தது. என் வீட்டுக்காரருக்கு மானம் போனது. "பொங்கலுக்குள்ள அம்மா இந்த அடுப்புல வெந்ததை ஒரு வாய் துன்னலைன்னா, குழியை மூடிடுவேன்" என்றார்.

மார்கழியில் எங்கள் பக்கம் கோலத்து நடுவில் சாணி உருண்டை பிடித்து, பூசணிப்பூ செருகி, கௌரம்மா என்று கும்பிடுவோம். பிறகு அதையே வறட்டி தட்டிக் காயவைத்துப் பொங்கல் பானைக்கு எரிப்போம். அந்த வருஷம் மாடுகள் கரும்பு வண்டியோடு போய்விட்டன. குழிக்குச் சாணி போதாமல் நெருப்பு நெல்லிக்காயாகச் சுருங்கியது. நான் வாசல் கௌரம்மாவை எடுத்து, பூவைக் கிள்ளிவிட்டு, கரைத்து ஊற்றினேன். நிமிர்ந்தால் எதிரில் மாமியார்.

"கௌரம்மாவையா போட்டே?"

"தினமும்தான் போட்டுக்கினு இருக்கேன் அத்தே."

"அப்போ அவ உள்ளதான் இருக்கறாளா?"

"வேற எங்க போவா?"

நேராக உள்ளே போனாள். நீல நெருப்பைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "காபி வை" என்றாள்.

குழி பிழைத்தது. பொங்கல் பானையை அவளே அந்த அடுப்பில் ஏற்றினாள். பண்டிகை முடிந்து நான் கருவாட்டுச் சட்டியோடு போனபோது, கையை நீட்டி வழியை மறித்தாள்.

"சாமி அடுப்புல கவுச்சியா? வாசல்ல கல்லு கீது பாரு."

அவள் கூட்டின அதே கல். அவள் இருந்தவரைக்கும் ஊரின் முதல் கேஸ் அடுப்புக்காரியான நான் வாசலில் குந்தி, கண்ணைக் கசக்கிக்கொண்டு விறகு ஊதினேன். கருவாட்டுக் குழம்பு கொதித்ததும் முதல் தட்டு அவளுக்குத்தான்.

கண்ணு, பாட்டி எழுதின இதை ஒரு தரம் சத்தமாப் படி. கருவாடு வர்ற இடத்தைத் தாண்டிப் போவாதே.