சாமி யார் மாதிரி? ஒரு ஆய்வில் நான் பட்ட பாடு

1. எந்தச் சாமிக்கு மார்க்?

காலேஜில் சைக்காலஜி டிபார்ட்மென்டில் புள்ளியியல் பார்ப்பது என் வேலை. ரிசர்ச் பண்ண வரும் பிள்ளைகளுக்கு ஸ்டடியை டிசைன் பண்ணிக் கொடுத்து, டேட்டா வந்ததும் அனலைஸ் பண்ணித் தர வேண்டும். ரிட்டயர் ஆகும்வரை அதைத்தான் செய்தேன். என் உயிரை வாங்கியது கலைவாணியின் பிஎச்.டி. அவள் ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். அந்த வருஷத்துக்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால் அவள் ரிஜிஸ்ட்ரேஷனே போய்விடும்.

அவளுக்கு கைடு எங்கள் துறைத் தலைவர். சின்ன வயதில் அப்பாவிடம் இருந்த பயமும் பாசமும்தான் பின்னால் கடவுளாக மாறுகிறது என்ற மனப்பகுப்பாய்வுத் தியரியில் ஊறியவர். அதைச் சோதிக்கக் கேள்வித்தாள் தயாரித்தோம். கண்டிப்பு, மன்னிப்பு, கோபம் என்று ஒவ்வொரு குணத்துக்கும் அப்பாவுக்கு ஒரு மார்க், சாமிக்கு ஒரு மார்க். இரண்டும் ஒத்துப்போனால் தியரி சரி.

கலைவாணியும் நானும் பரமத்தி வேலூர் பக்கம் தோட்டங்களுக்குப் போனோம். முதல் வீட்டம்மாவே, எந்தச் சாமிக்கு மார்க் போடுவது என்று கேட்டார். கல்யாணமாகி வந்த பெண்ணுக்குப் புருஷன் வீட்டுக் குலதெய்வம்தானே குலதெய்வம்? அப்பா வீட்டுச் சாமி அங்கேயே நின்றுவிட்டது. இதே மண்ணில் பிறந்த, துறைத் தலைவரையும் சேர்த்து எங்கள் மூன்று பேருக்கும் இது உறைக்கவில்லை. கர்மம். இப்போது கும்பிடுகிற சாமிக்கே போடுங்கள் என்றோம். போட்டு முடித்துவிட்டுச் சிரித்தார்.

"எங்கப்பன் வாயில்லாப் பூச்சிங்க. இந்த அம்மன் எங்க மாமியாளாட்டமுங்க. ஒரு பூசை தவறுனாலும் உட மாட்டா."

கலைவாணி கெட்டிக்காரி. அங்கேயே கேள்வித்தாளில் மாமியாருக்கும் மார்க் போட ஒரு கட்டம் சேர்த்துவிட்டாள்.

2. என்ன வந்தாலும் தியரி சரி

டேட்டாவைப் போட்டுப் பார்த்தால், பெண்களின் சாமி அப்பாவோடு ஒத்துப்போகவில்லை. மாமியாரோடு போனது. துறைத் தலைவர் அசரவில்லை. மாமியாரும் அப்பாவின் அதிகாரம்தானாம், வேறு உருவமாம். சாதுவான அப்பா, கோபக்கார சாமி என்று எழுதிய ஆண்களுக்கு அப்பா மேல் இருந்த ஆத்திரம் உள்ளே அமுங்கிக் கிடக்கிறதாம். தியரி நிரூபணமாயிற்று என்று எழுதினால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டார்.

கலைவாணி கேன்டீனில் உட்கார்ந்து அழுதாள். "அவரு சொல்றாப்பலயே எழுதிக் குடுத்துட்டுப் போயிரட்டுங்களா மேடம்?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளை இழுத்துக்கொண்டு அவர் ரூமுக்குப் போனேன். எந்த மாதிரி பதில் வந்திருந்தால் தியரி தப்பு என்று ஒத்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். இது ஆழமான தியரி, அப்படியெல்லாம் தப்பாகாது என்று சிரித்தார்.

"ஊர்ல சாமிகிட்ட பூ கேக்கறப்ப ஒரு பொட்டலத்துல வெள்ளை, ஒண்ணுல செவப்புன்னு கட்டுவோங்க சார். வெள்ளை வந்தாத்தான் உத்தரவு. நீங்க ரெண்டுலயும் வெள்ளையவே கட்டி வெச்சுட்டு, சாமி உத்தரவு குடுத்துருச்சுங்கறீங்க" என்றேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்துவிட்டு, "உங்கப்பா ரொம்பக் கண்டிப்பானவருங்களா மேடம்?" என்று கேட்டார்.

இந்த மனுஷனிடம் என்னத்தைப் பேச? கலைவாணி மேஜையில் இருந்த தன் தீசிஸை எடுத்துக்கொண்டாள். "நான் வேற கைடு பாத்துக்கறேனுங்க சார்" என்றாள்.

3. பிறகு

ரிஜிஸ்ட்ரேஷன் போனது. வீட்டில் வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. வேறு காலேஜில் புதிதாகப் பதிந்து, மறுபடியும் ஊர் ஊராக அலைந்து பட்டம் வாங்கினாள். பெண்களுக்கு மறுபடியும் மாமியார்தான். ஆனால் ஆண்கள் பலருக்கு அப்பாவும் சாமியும் நன்றாகவே ஒத்துப்போனது. அதையும் அவள் மறைக்காமல் எழுதினாள். பாதி ஜெயிக்கிற தியரியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த மனுஷன் அந்தப் பிள்ளையை அப்படி அழவிட்டார்.

ஆய்வு செய்ய வரும் பிள்ளைகளே, என்ன பதில் வந்தால் நாம் தோற்றோம் என்று முதலில் எழுதி வையுங்கள். அதை எழுத மனசு வரவில்லையென்றால் ஃபீல்டுக்குப் போகாதீர்கள். வேலை வெட்டியை விட்டுவிட்டு உங்களுக்குப் பதில் சொல்கிற சனங்களையாவது சும்மா விடுங்கள்.