தொண்ணூற்று நான்கு மேசைகளில் ஒரு குறிப்பு

நான் ஒரு சந்தேகப் பிராணி. பெருமைக்குச் சொல்லவில்லை, டாக்டர் கேட்டால் சர்க்கரை உண்டு என்று ஒப்புக்கொள்வதைப் போலச் சொல்கிறேன். டெல்லி மயூர் விஹாரில் எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஒழுங்காக ஓடினால்கூட, இன்று யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பவன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் ஃபைல் தள்ளியவன் வேறெப்படி இருப்பான்? அடுத்தவர் எழுதியதை நம்பாமல் இருப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

இப்படிப்பட்டவனிடம் அலுவலகக் கணினிகள் அத்தனையையும் ஒப்படைத்தார்கள். காரணம் எளியது. ஒரு நாள் டெபுடி டைரக்டர் அறையில் பிரிண்டர் ஓடவில்லை. நான் போய்ப் பிளக்கைச் சரியாகச் செருகினேன். அன்று முதல் நான் கணினி தெரிந்தவன்.

அப்புறம் ஒரு சுற்றறிக்கை வந்தது. கணினியை இயக்கும் பழைய ஓ.எஸ்.ஸுக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, எல்லாக் கணினிகளிலும் புதியதைப் போடு என்று. எங்களிடம் இருந்தவை தொண்ணூற்று நான்கு. ஒப்பந்தக் கம்பெனி ஓர் இன்ஜினியரை அனுப்பியது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மாள்; ஜனக்புரியிலிருந்து மெட்ரோவில் வருபவர். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். எல்லோருக்கும் அவர் மேடம்.

"வணக்கம் சார். நீங்களும் தமிழா? அச்சா! அப்ப வேலை ஜல்தி முடிஞ்சிடும்" என்றார்.

வேலை சீக்கிரம் முடியும் என்று சொல்பவர்களை நான் தனியாகக் கவனிப்பது வழக்கம்.

"தொண்ணூத்து நாலு மெஷின். ஒவ்வொண்ணா உட்கார்ந்து போட்டா ஒரு மாசம் ஆகுமேம்மா" என்றேன்.

"ஒவ்வொண்ணா யாரு போடுவா சார்? ஒரே ஒரு மெஷினை ஒழுங்கா ரெடி பண்ணுவோம். அதுதான் மாஸ்டர். அதை அப்படியே அச்சு எடுத்த மாதிரி ஒரு இமேஜா எடுத்து, சனிக்கிழமை நெட்வொர்க்ல விட்டுட்டா மத்ததெல்லாம் தானா எடுத்துக்கும்."

"பக்கத்துல யாரு இருப்பா?"

"யாரும் வேண்டாம். அன்அட்டெண்டட்."

"நடுவுல அது கேள்வி கேட்குமே? எந்த மொழி, எந்த ஊர் நேரம்னு?"

"ஆன்ஸர் ஃபைல் இருக்கு சார். கேள்வி வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்துக்கும் பதில் எழுதி வச்சுடுவோம்."

கேள்விக்கு முன்பே பதிலைத் தயாராக வைத்திருப்பது எங்கள் அலுவலகத்துக்குப் புதிதில்லை. ஆனால் இவ்வளவு கூச்சமில்லாமல் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. யாரும் இல்லாதபோது வேலை நடக்கும் என்பதோ அதைவிடப் பெரிய அதிர்ச்சி. எங்கள் இடத்தில் எல்லோரும் இருக்கும்போதே நடப்பதில்லை.

என் சந்தேகத்துக்கு இன்னொரு தீனியும் கிடைத்தது. புதிய ஓ.எஸ். தாங்காது என்று, பழைய கணினிகள் சிலவற்றைத் திறந்து மெமரியை மாற்றினார். சுண்டுவிரல் நீளத்தைவிடச் சற்றுப் பெரிய பச்சைப் பட்டைகள். கழற்றிய பட்டைகள் அவருடைய கைப்பைக்குள் போவதை என் கண்ணால் பார்த்தேன். கேட்டதற்கு, "அதெல்லாம் சரியான இடத்துக்குப் போயிடும் சார், டென்ஷன் ஆகாதீங்க" என்றார். டென்ஷன் ஆகாதே என்று சொன்னால் டென்ஷன் ஆக வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

நாளை ஏதாவது ஆனால் பொறுப்பதிகாரியின் கழுத்துக்குத்தான் கயிறு. அதனால் ஒரு குறிப்பு எழுதி வைப்பதென்று தீர்மானித்தேன். மாஸ்டர் கணினியில் எங்கள் சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு எல்லாம் சரியாக ஓடுகின்றனவா என்று பார்த்துக் கையெழுத்திட இரண்டு நாள் என்னை உட்கார வைத்திருந்தார்கள். கணினியில் எதையும் செய்ய உரிமையுள்ள நிர்வாகிக் கணக்கில். நான் அதில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டேன். அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மேடம் வீட்டில் தமிழ் பேசுவார், படிக்க வராது. இதை முன்பே நைச்சியமாக விசாரித்துவிட்டேன். "ஸ்கூல்ல ஹிந்திதான் சார். என் பேரை மட்டும் எழுதுவேன்" என்றிருந்தார். உலகத்தின் மிகப் பாதுகாப்பான ரகசிய எழுத்து என்னிடம் இருந்தது.

எழுதியது இதுதான்:

"மேடம் நன்றாகக் காதில் பூச்சுற்றுகிறார். டெபுடி டைரக்டருக்குச் சாம்பிராணி போடுகிறார், அவரும் தலையாட்டுகிறார். மெமரியைப் பற்றிக் கேட்டால் தண்ணி காட்டுகிறார். பழைய மெமரியை மேடம் எடுத்துவிட்டார். கடைசியில் எல்லோருக்கும் அல்வா கொடுத்துவிட்டு, அலுவலகத்துக்கு நாமம் போட்டுவிட்டுப் போவார். அன்றைக்கு டெபுடி டைரக்டர் சாமியாடுவார்."

பென் டிரைவில் ஏற்றலாம் என்று பார்த்தால் மேடம் அதைத் தடுத்து வைத்திருந்தார். பாதுகாப்பு விதியாம். திரையின் முகப்பிலேயே 'குறிப்பு' என்ற பெயரில் சேமித்துவிட்டு, திங்கட்கிழமை அச்செடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை மேடம் என்னிடம் வந்தார். "சார், இமேஜ் எடுக்கப் போறேன். மாஸ்டர்ல உங்க சாமான் ஏதாவது இருக்கா? தமிழ்ல ஒரு ஃபைல் இருக்கே?"

இந்த அம்மாளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குப் பகீரென்றது. என்னுடையது என்றால் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார்.

"என்னோடது ஒண்ணுமில்லையே" என்றேன். "சிஸ்டத்தோட சேர்ந்து வந்ததா இருக்கும்."

"பக்கா?"

"பக்கா."

அவர் நீட்டிய தாளில் 'மாஸ்டர் சரிபார்க்கப்பட்டது' என்பதன் கீழ் கையெழுத்தும் போட்டேன்.

அந்த ஆன்ஸர் ஃபைலில் ஒரு வரி இருந்ததாம். மாஸ்டரில் நிர்வாகி தன் திரையையும் விசைப்பலகையையும் எப்படி அமைத்து வைத்தாரோ, அப்படியே எல்லா ஊழியர்களுக்கும் கொடு என்று. அலுவலகத்துக்குத் தேவையான சின்னங்கள் எல்லோர் திரையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. இது எனக்குத் திங்கட்கிழமை காலை தெரிந்தது.

பக்கத்து இருக்கையில் ஹரியானாவைச் சேர்ந்த ரோத்தக்காரர் ஒருவர், உதவிப் பிரிவு அதிகாரி. வந்து உட்கார்ந்து கணினியைத் திறந்தவர் கத்தினார். "பாயி சாப்! யே கியா ஜிலேபி பனா தீ?" இதென்ன ஜிலேபி பிழிந்து வைத்திருக்கிறீர்கள் என்று.

எட்டிப் பார்த்தேன். அவர் ஆங்கிலத்தில் தட்டத் தட்டத் திரையில் தமிழ் எழுத்துகள் விழுந்துகொண்டிருந்தன. அதைவிட மோசம், திரையின் இடது ஓரத்தில் 'குறிப்பு'. அடுத்த மேசையிலும் 'குறிப்பு'. அதற்கடுத்ததிலும். மூன்று மாடி ஏறி இறங்கினேன். என் சந்தேகம் ஒரு மேசை விடாமல் போய் உட்கார்ந்திருந்தது.

பதினோரு மணிக்கு டெபுடி டைரக்டர் அழைத்தார். மீரட்காரர். மேடமும் நின்றுகொண்டிருந்தார். ரோத்தக்காரர் தம் கைபேசியைத் திரைக்கு நேராகப் பிடித்து அந்தக் குறிப்பை இந்தியில் மொழிபெயர்த்திருந்தார். டெபுடி டைரக்டர் கைபேசியை வாங்கி வாய்விட்டுப் படித்தார். அதைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

"மேடம் காதுகளில் அழகாகப் பூ அணிவிக்கிறார். டெபுடி டைரக்டருக்குத் தூபம் காட்டுகிறார். அவர் தலை வணங்குகிறார். நினைவைக் கேட்டால் நீர் காண்பிக்கிறார். மேடம் பழைய நினைவுகளை எடுத்துக்கொண்டார். இறுதியில் அனைவருக்கும் அல்வா வழங்கி, அலுவலகத்துக்குத் திலகமிட்டு விடைபெறுவார். அன்று டெபுடி டைரக்டர் கடவுளாக நடனமாடுவார்."

டெபுடி டைரக்டர் கைபேசியை மேசைமேல் வைத்தார்.

"மே நாச்சூங்கா?" என்றார் அவர். நானா ஆடுவேன்?

ரோத்தக்காரர், "ஏதோ பூஜை விதி மாதிரி இருக்கு சார். பூ, தூபம், தீர்த்தம், அல்வா, திலகம், எல்லாம் வரிசையா வருது" என்றார்.

டெபுடி டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் தமிழ். இது சரியா?"

ஒவ்வொரு சொல்லும் சரி. அதுதான் கொடுமை. "மோட்டா மோட்டி, சுமாரா சரிதான் சார்" என்றேன். என் வாழ்நாளில் செய்த ஒரே சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு அதுதான்.

"நல்ல விஷயம்தான்" என்றார். "ஆனா யாருக்கும் தெரியாம, புரியாத மொழியில ஒரு ஃபைல் எல்லா சர்க்கார் கம்ப்யூட்டர்லயும் நுழைஞ்சிருக்கு. இன்னிக்குப் பூஜை, நாளைக்கு வைரஸ். இது கம்பெனியோட தப்பு." மேடத்தைப் பார்த்தார். "உங்க கம்பெனிக்குக் கடிதம் போகும். மாசக் கடைசியில ஒப்பந்தம் புதுப்பிக்கணும் இல்லையா? வேற இன்ஜினியரை அனுப்பச் சொல்லிடறேன்."

மேடம் என்னைப் பார்க்கவில்லை. "ஜி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். நானும் வாயைத் திறக்கவில்லை. பூஜை என்னைக் காப்பாற்றிவிட்டது. இப்போது மௌனமாக இருப்பது ஒன்றே என் வேலை; அதில் எனக்கு இருபத்தெட்டு வருட அனுபவம்.

சாப்பாட்டு நேரத்தில் மேடம் என் மேசைக்கு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். தம் கைபேசியை மேசைமேல் வைத்து எதையோ தட்டினார். செய்தி வாசிப்பவரைப் போல ஒரு பெண் குரல், சுத்தமான தமிழில் ஆரம்பித்தது. "மேடம் நன்றாகக் காதில் பூச்சுற்றுகிறார்..."

முழுவதும் வாசித்தது. ஓர் எழுத்தைக்கூட விழுங்கவில்லை.

"எனக்குப் படிக்கத்தான் தெரியாது சார்" என்றார். "கேட்டா புரியும். எங்க வீட்டுல அல்வா குடுக்கறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

"அம்மா, அது வந்து..."

"நான் கேட்டேனே சார், உங்களோடதான்னு. பக்கான்னு வேற சொன்னீங்க."

"அப்ப அங்கேயே டெபுடி டைரக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீங்க சொல்வீங்கன்னு நின்னேன்." கைபேசியை எடுத்துக்கொண்டார். "ஏழு வருஷமா இந்தக் கம்பெனி. ஒரு ஆபீஸ்ல என்னைத் திருப்பி அனுப்பினா, அடுத்த ஆபீஸுக்கு அனுப்ப மாட்டாங்க. வீட்டுல உட்கார வேண்டியதுதான். வாங்க, ஒண்ணு காட்டறேன்."

கீழே ஸ்டோர் அறைக்கு அழைத்துப் போனார். இரும்பு அலமாரியின் இரண்டாவது தட்டில் பழுப்பு உறைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் கணினியின் எண், தேதி, ஸ்டோர் கீப்பரின் கையெழுத்து. உள்ளே பச்சைப் பட்டைகள். கைப்பையில் போட்டது கீழே கொண்டுவருவதற்காக. எண்ணிப் பார்க்கச் சொன்னார். எண்ணினேன். இருபத்தொன்று. திரும்பவும் எண்ணினேன், பழக்க தோஷம். இருபத்தொன்றுதான்.

நேராக டெபுடி டைரக்டர் அறைக்குப் போனேன். வீரமெல்லாம் இல்லை. கொஞ்சம் தயங்கினால் தயங்கிக்கொண்டே ஓய்வு பெற்றுவிடுவேன் என்ற பயம்.

"சார், அந்த ஃபைல் என்னோடது. நான்தான் மாஸ்டர்ல எழுதி வச்சேன். மேடம் இமேஜ் எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டாங்க. இல்லைன்னு பொய் சொல்லிக் கையெழுத்தும் போட்டேன். அவங்க மேல தப்பில்லை."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களா? பூஜை ஏற்பாடா?"

"இல்லை சார். அது பூஜையே இல்லை. அதோட உண்மையான அர்த்தம்..."

கையை உயர்த்தி நிறுத்தினார். "வேண்டாம். அர்த்தம் எனக்குத் தெரிஞ்சா நான் ஃபைல்ல எழுத வேண்டி வரும்."

அவருக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கடிதத்தின் வரைவைக் கிழித்தார். மேடமே தொடரலாம் என்றார். எனக்கு 'இனிமேல் கவனமாக இருக்கவும்' என்று எழுத்தில் ஓர் அறிவுரை வந்தது. கணினிப் பொறுப்பு ரோத்தக்காரருக்குப் போனது. அவருக்கும் பிளக் செருகத் தெரியும்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் எழுந்து நாற்காலியை எனக்குத் தள்ளினார்.

"எல்லா மெஷின்லேருந்தும் அந்த ஃபைலை ஒரே கமாண்டுல தூக்கிடுவேன். அதுக்கு முன்னாடி இதுல தமிழ்ல எழுதுங்க. நான் எடுக்கலைன்னு."

எழுதினேன். "மேடம் எதையும் எடுக்கவில்லை. நான்தான் தவறாக நினைத்தேன்." அவருக்குப் படிக்க வராது, நான் என்ன வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அது அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். கைபேசியை நீட்டினார். அந்தச் செய்திக் குரல் என் இரண்டு வரியையும் வாசித்தது. இன்னொரு முறை வாசிக்க வைத்தார்.

"டீக் ஹை. அது எத்தனை மேசைக்குப் போச்சோ, இதுவும் அத்தனை மேசைக்குப் போகணும்."

"இங்க யாருக்கும்மா தமிழ் புரியப் போகுது?"

"அதுவும்தான் யாருக்கும் புரியலையே சார்."

சேமித்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தேன். ஒரு விசையைத் தட்டினார். பழைய குறிப்பு போய், தொண்ணூற்று நான்கு திரைகளில் புதிய குறிப்பு வந்து உட்கார்ந்தது. ஒரு வாரம் இருக்கட்டும் என்றார். மறுநாள் காலை ரோத்தக்காரர் அதையும் கைபேசியில் பிடித்துப் படித்துவிட்டு, வருத்தத்தோடு என்னிடம் கேட்டார்: "மேடம் ஒண்ணுமே எடுத்துக்கலையாமே பாயி சாப். அவங்களுக்கு மட்டும் பிரசாதம் போகலையா?"

மாசக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. மேடம் இப்போதும் செவ்வாய்க்கிழமைகளில் வருகிறார். நன்றாகத்தான் பேசுகிறார், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்றெல்லாம் கேட்கிறார். நான் அருகில் வந்தால் மட்டும் முதலில் திரையைப் பூட்டிவிட்டு, அப்புறம்தான் வணக்கம் சொல்கிறார்.