தண்டவாளத்தின் மேல் கவிராயர் வீடு

தஞ்சைச் சீமையில் பிறந்து, பதினெட்டு வயதில் கப்பலேறி வந்த எங்கள் அண்ணன், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் பாதையில் கடைசி வரை உழைத்தார். சுத்தியலைத் தோளில் சாய்த்து, தண்டவாளத்துக்குக் குறுக்கே பதித்த சிலிப்பர் கட்டைகளை எண்ணியபடியே நடந்து, தளர்ந்த ஆணிகளை இறுக்குவது அவர் வேலை. காய்ச்சலடித்த நாளிலும் எண்ணிக்கை பிசகாது. எழுத்தறியாதவர். தாய்நாட்டில் வாழ்ந்து மறைந்த புலவரான கவிராயரின் பாடல்களை, நான் படிக்கக் கேட்டே மனப்பாடம் செய்தார்.

கவிராயர் வாழ்ந்த ஊரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசை. அண்ணனுக்கு விடுமுறை கிடைத்தபோது நான் நிறைமாதக் கர்ப்பிணி. "அழாத. ஊரையே கொண்டாந்து காட்டுறேன்" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினார்.

மூன்று மாதம் கழித்து வெறுங்கையோடு வந்தார். ஒரு பிடி மண்கூட இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது உறவினர் அறிந்ததே.

"நீங்க மட்டும் பாத்துட்டு வந்துட்டீங்க" என்றேன்.

"புள்ளைய மாப்பிள்ளைகிட்டக் குடுத்துட்டு லைனுக்கு வா."

ரயில்வே கேட்டுக்குச் சற்றுத் தொலைவில் நின்று, "இது ஊர்க் கொளம்" என்றார். அங்கிருந்து கேட்டை நோக்கிக் கட்டை கட்டையாக நடந்தோம். கவிராயரின் ஊரில் கண்டதையெல்லாம் ஓர் எட்டுக்கு ஒரு கட்டை என்ற கணக்கில் காலால் அளந்து வந்திருந்தார். நாற்பதாவது கட்டையில் கவிராயர் வேட்டி உலர்த்திய மருதமரம். நூற்றிருபதில் கோபுரம். அண்ணாந்து பார்த்தேன்; சிக்னல் கம்பம்தான் நின்றது. ஆனாலும் கைகூப்பினேன். இருநூற்றுப் பத்தாவது கட்டையில், கேட்டின் ஓரம், அண்ணன் செருப்பைக் கழற்றினார்.

"வீட்டு வாசல்" என்றார்.

கொதிக்கும் சரளைக் கல்லில் நானும் வெறுங்காலோடு நின்றேன். எவ்வளவு பெரியவர் வாசலில் என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார் என்று கண் கலங்கியது. இன்றுவரை நான் அந்த ஊருக்குப் போனதில்லை. போகாத குறையும் இல்லை.

பிறகு ஞாயிறுதோறும் செந்தூல், கிள்ளான் ரயில் பாதைத் தோழர்கள் வந்து அண்ணனோடு அவ்வூரைச் சுற்றிப் பார்த்தார்கள். ஊர் திரும்ப வழியில்லாதவர்கள் அவர்களில் பலர்.

சென்ற ஆண்டு மஞ்சள் காமாலை கண்டு, பத்தே நாளில் அண்ணன் எங்களைவிட்டுப் போனார். பாதி வழியில் பாடையை இறக்கித் திசைமாற்றி வைப்பது நம் வழக்கம். பெண்கள் போவதில்லை ஆதலால் நான் வீட்டில் இருந்தேன். என் கணவர் வந்து சொன்னார்: "வழக்கமா எறக்குற அரசமரத்தடில எறக்கல. கேட்டுகிட்ட வந்ததும், ஞாயிறு வர்ற தோழருங்கள்ல ஒருத்தர் கட்டைய எண்ணிப் பாத்தாரு. அங்கதான் எறக்குனாங்க."

மருந்தளித்த வைத்தியருக்கும், கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் நன்றி. பாடை சுமந்து, அண்ணனைக் கவிராயர் வாசலில் இறக்கி வைத்த அந்த நால்வருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.